பாப்பாத்தியம்மாள் கட்டிய கோயில்

சிட்லபாக்கத்தில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. தெற்கே போகிற ரயிலைப் பிடிக்க எழும்பூர் வரை மூட்டை முடிச்சோடு அலைய வேண்டியதில்லை. ஓர் ஆட்டோவில் ஏறினால் சிறிது நேரத்தில் தாம்பரம். பட்டணத்து ஜனங்கள் எழும்பூரில் ஏறி, பெட்டிகளைத் திணித்து, "இது என் ஸீட்டு" என்று வாதாடி, சமாதானமாகிச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற சமயத்தில், நாம் நிதானமாக வந்து ஏறிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்காரர் அப்படியும் ஒன்றரை மணி முன்னதாகவே கிளம்பச் சொல்லுவார் என்பது வேறு விஷயம்.

இந்தத் தடவை பிரயாணம் திருநெல்வேலிக்கு. அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பெண்ணுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு கிலோ அல்வாவுக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். ஆச்சி மாத்திரம் அல்வா கேட்கவில்லை.

ஆச்சி எங்களுக்கு மூன்றாவது வீடு. எழுபத்தைந்து வயது தாண்டியாயிற்று. பாளையங்கோட்டையில் பிறந்தவர், சைவக் குடும்பம். அவருடைய கணவர் கிறிஸ்தவர். அவருக்கும் அதே ஊர்தான். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்தவர். சிட்லபாக்கத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் பயிரிட்டுக் கொண்டிருந்த நாளிலேயே இங்கே மனை வாங்கி ஓட்டு வீடு கட்டினாராம். இன்று அந்த வயல்களெல்லாம் தெருக்களாகி, தெருக்களெல்லாம் அடுக்கு வீடுகளாகி, ஊரே தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஏரி மட்டும், சுற்றிலும் நடைபாதை போட்டுக்கொண்டு, பழைய உறவுக்காரியைப் போல உட்கார்ந்திருக்கிறது. ஆச்சியின் கணவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அவர் இருந்தபோது எப்படியோ அப்படியே அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரில் பிள்ளையார், எதிர்ச் சுவரில் சிலுவை. "ரெண்டு பேரும் இத்தனை வருஷமா ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒரு சண்டை இல்லை" என்பார் ஆச்சி.

"என்ன வாங்கி வரட்டும் ஆச்சி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாங்க வேண்டாம் தாயி. பாளையங்கோட்டையிலே பாப்பாத்தியம்மா கோயில்னு ஒண்ணு இருக்கு. வேதக் கோயில். அங்கன ஒரு பத்து நிமிஷம், என் பேரைச் சொல்லி உக்காந்துட்டு வா. அது போதும்."

வேதக் கோயிலுக்குப் பாப்பாத்தியம்மாள் என்று பெயரா? எனக்கு வியப்பாக இருந்தது.

"கிளாரிந்தா கோயில்னும் சொல்லுவாங்க. நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலே அந்தப் பக்கமாப் போனா எங்கம்மை கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வேகமா நடப்பா. பெரியவளான பொறவு, நான் இவரைத்தான் கட்டுவேன்னு நின்னப்போ, 'துரையோட போன பாப்பாத்தி மாதிரி நீயும் கோயில் கட்டப் போறியோ'ன்னு கேட்டா. அதுதான் அவ எங்கிட்டே பேசின கடைசிப் பேச்சு. ரொம்ப நாளைக்கு அதுதான் கடைசி."

இதற்கு மேல் நான் என்ன கேட்பது? சரி என்றேன்.

கிளாரிந்தா என்ற பெயர் எனக்கு முற்றிலும் புதிதல்ல. அ. மாதவையா அந்தப் பெயரில் ஒரு சரித்திர நாவல் எழுதியிருக்கிறார். 1915-ல் இங்கிலீஷில் வெளிவந்தது. பின்னாளில் தமிழிலும் பெயர்க்கப்பட்டது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அதே மாதவையாதான். அவருக்கும் எங்கள் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று நான் பெருமையடித்துக்கொள்வது வழக்கம். அவர் படித்தது சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. உடனே அவரைத் தாம்பரம் காட்டில் மரத்தடியில் உட்கார்த்தி வைத்துவிடாதீர்கள். அவர் படித்த காலத்தில் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-ல்தான் தாம்பரத்துக்குக் குடி வந்தது. ஆனாலும் அந்தக் கல்லூரி மதில் ஓரமாகப் போகும்போதெல்லாம் எனக்கு மாதவையாவின் ஞாபகம் வரும்.

தேடிப் பிடித்து நாவலைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் தயிர்சாதப் பொட்டலத்தை அதன் மேலே வைத்தார்.

தாம்பரத்தில் நாங்கள் ரயிலேறியபோது நன்றாக இருட்டிவிட்டது. எழும்பூரிலிருந்து வருகிற ரயில் பரங்கிமலையைக் கடந்துதான் தாம்பரம் வருகிறது. கிளாரிந்தாவின் கதை தொடங்கிய தஞ்சாவூருக்கும் அந்தப் பரங்கிமலைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

அது யுத்த காலம். ஆர்க்காட்டு நவாபு முகம்மதலிக்குத் தஞ்சாவூரின் மேல் ஒரு கண். அவருக்குப் பணம் வேண்டும். அவருக்குக் கடன் கொடுத்திருந்த சென்னை வெள்ளைக்காரர்களுக்கோ அதைவிட அவசரமாகப் பணம் வேண்டும். ஆகவே கும்பெனிப் பட்டாளம் நவாபுக்காகக் கிளம்பி 1771-ல் தஞ்சாவூரை முற்றுகையிட்டது. 1773-ல் பிடித்தே விட்டது. மராத்திய ராஜா துளஜாஜி சிறைப்பட்டார். விளைந்து நின்ற காவேரிச் சீமை நவாபின் கைக்குப் போயிற்று. பிறகு கவர்னராக வந்த பிகட் பிரபு, மேலிடத்து உத்தரவுப்படி 1776-ல் ராஜ்யத்தை துளஜாஜிக்கே திருப்பிக் கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கவர்னரையே வழிமறித்துக் கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்துவிட்டார்கள்! காவலில் இருந்தபடியே 1777 மே மாதம் அவர் இறந்துபோனார். தஞ்சாவூர் வயலுக்காக சென்னைக் கவர்னர் பரங்கிமலையில் சிறையிருந்த கதை இது.

பெரிய மனிதர்களின் கதை இப்படி. சரித்திரப் புஸ்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதே தஞ்சாவூரில், அதே யுத்தத்தின் ஓரத்தில், ஒரு பெண்ணின் கதை நடந்தது. அவளுக்குப் புஸ்தகத்தில் கிடைத்தது சில வரிகள்.

அவள் மராத்திய பிராமணக் குலத்தவள். அரண்மனையைச் சேர்ந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். கோகிலா என்பது அவள் பெயர் என்று கர்ணபரம்பரையில் சொல்கிறார்கள். கணவன் இறந்தான். அவளைச் சிதையில் ஏற்ற ஏற்பாடு நடந்தது. அப்போது லிட்டில்டன் என்ற கும்பெனி அதிகாரி சிப்பாய்களோடு வந்து அவளை நெருப்பிலிருந்து மீட்டான். ஊர் சொல்லும் கதை இது. மாதவையாவும் இதைத்தான் எடுத்துக்கொண்டு விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். எழுதமாட்டாரா? அவரே பதினைந்து வயதில், பதினோரு வயதுச் சிறுமிக்கு மாலையிட்டவர். இளம் விதவையின் துயரத்தை வைத்து 'முத்துமீனாட்சி' என்ற கதையை 1903-லேயே எழுதியவர். நெருப்பு அவருக்கு வெறும் நாவல் அலங்காரம் அல்ல. சென்னை மாகாணத்தில் உடன்கட்டை ஏறுவதைச் சட்டம் தடுத்தது 1830-ல்தான். கிளாரிந்தாவின் காலத்துக்கு அறுபது வருஷம் அப்பால்!

பாதிரியார் சுவார்ட்ஸ் எழுதி வைத்திருப்பதிலிருந்து தெரிவது இன்னும் எளிமையானது. எனக்கு அதுதான் அதிகமாக மனத்தைத் தொடுகிறது. அந்த விதவை, ஓர் இங்கிலீஷ்காரனோடு வாழ்ந்தாள். கல்யாணம் செய்துகொள்வதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். கல்யாணம் நடக்கவில்லை. ஆனால் அவன் அவளுக்கு இங்கிலீஷ் கற்றுக் கொடுத்தான். தன் வேதத்தைப் பற்றியும் சொல்லிக் கொடுத்தான். அவ்வளவுதான்.

விழுப்புரம் தாண்டி விளக்கை அணைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் எப்படிக் கற்றுக் கொடுத்திருப்பான்? ராணுவ முகாம். ஒருவர் பாஷை ஒருவருக்கு அரைகுறை. அவளுக்கு வீட்டில் மராத்தி, வெளியில் தமிழ். அவனுக்கு அதிகாரம் செய்கிற அளவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருக்கலாம். பிறந்த வீடு அவளுக்குக் கதவடைத்திருக்கும். அவனைச் சேர்ந்த சீமாட்டிகள் அவளை ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த இருவரும் சாயங்கால வேளையில் ஒரு விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, 'இது என்ன? அது என்ன?' என்று கேட்டுக்கொண்டிருந்த காட்சியை நினைத்துப் பார்த்தேன். மேல் பெர்த்தில் எங்கள் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் கோவில்பட்டியில் கண் விழித்தேன். கரிசல் மண். கடம்பூர், மணியாச்சி என்று ஸ்டேஷன்கள் வந்தன. பிறகு கண்ணுக்கு இதமாகப் பச்சை தெரியத் தொடங்கியது. தாமிரபரணி நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

கல்யாணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. சொதி நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் அவரைச் சம்பந்திகளோடு பேச விட்டுவிட்டு நான் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டேன்.

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் ஆறு பிரிக்கிறது; சுலோசன முதலியார் பாலம் சேர்க்கிறது. 1843-ல் கட்டிய பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த முதலியார் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் கொடுத்துக் கட்டினார் என்று சொல்வார்கள். பாலத்துக்கு முதலியாரின் பெயர் இருக்கிறது. நகைகளைக் கழற்றிக் கொடுத்த அம்மாளின் பெயரை என்னோடு வந்த ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியாது.

பாளையங்கோட்டை இன்று பள்ளிக்கூடங்களின் ஊர். தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நான் போன நேரம் தெருவெல்லாம் யூனிபாரம் போட்ட பிள்ளைகள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இது கோட்டை. தெற்கத்திப் பாளையக்காரர்களை அடக்கக் கும்பெனியும் நவாபும் வைத்திருந்த ராணுவத் தலம். மருதநாயகம் என்று நாம் சொல்கிற கம்மந்தான் கான்சாகிப் 1764-ல் தூக்கிலிடப்படும் வரையில் இந்தச் சீமையை ஆட்டிப் படைத்தவர். வேளாளக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்துக்குப் போன அவருக்கு வாழ்க்கைப்பட்ட மாசா போர்ச்சுக்கீசிய வம்சத்துக் கிறிஸ்தவப் பெண் என்பார்கள். சண்டையும் சச்சரவும் மிகுந்த காலத்தில்தான் மனிதர்கள் இப்படி வேலி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார்கள். அமைதியான காலத்தில் வேலியைக் காக்க ஆள் நிறைய இருப்பார்கள் போலிருக்கிறது!

கோட்டை மதில் இப்போது இல்லை. அங்கங்கே மிச்சம் மீதி தெரிகிறது. மேற்கு வாசலின் மேட்டில் வெகுகாலம் போலீஸ் ஸ்டேஷன் இருந்ததால் அதற்கு மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்றே பெயர். லிட்டில்டனை மாற்றி அனுப்பியது இந்தக் கோட்டைக்குத்தான். அவளும் கூட வந்தாள். தஞ்சாவூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். வழியெல்லாம் மறவர் சீமை. யாரையும் தெரியாத ஊர்.

ஆட்டோக்காரரிடம், "கிளாரிந்தா சர்ச்" என்றேன். யோசித்தார். "பாப்பாத்தியம்மாள் கோயில்" என்றேன். "அப்படிச் சொல்லுங்க!" என்று வண்டியைத் திருப்பினார்.

சின்னக் கோயில். பாளையங்கோட்டையின் மற்ற வேதக் கோயில்களின் கோபுரத்தையும் கம்பீரத்தையும் பார்த்துவிட்டு இங்கே வந்தால், 'இதுதானா?' என்று தோன்றும். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் புராடஸ்டண்டு கிறிஸ்தவர்களுக்கு இதுதான் முதல் கோயில். மற்ற அத்தனையும் இதற்குப் பேரன் பேத்திகள். கோயில்குட்டியார் (இந்தப் பக்கத்தில் கோயிலைத் திறந்து, பெருக்கி, மணியடிக்கிறவரை அப்படித்தான் அழைக்கிறார்கள்) கதவைத் திறந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தேன். ஆச்சியின் பெயரை மனத்துக்குள் சொன்னேன்.

பத்து நிமிஷம் என்பது சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீண்ட நேரம். கிளாரிந்தாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் லிட்டில்டன் இருந்த நாளிலேயே சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். கல்யாணமாகாமல் ஒருவனோடு வாழ்கிறாய், அதனால் முடியாது என்றார். நல்ல மனிதர்தான். ஜெர்மனியிலிருந்து 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798-ல் தஞ்சாவூரில் கண்ணை மூடும் வரையில் இந்த மண்ணிலேயே இருந்தவர். ஹைதரலியிடம் கும்பெனி தூது அனுப்ப நினைத்தபோது, 1779-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றவர். சரபோஜி ராஜா அவரைத் தகப்பனாகக் கொண்டாடினார். எல்லாம் சரி. ஆனால் அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். கல்யாணத்துக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணின் நிலை அவருக்கு எந்த அளவுக்குப் புரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவள் சிக்கலைப் பாருங்கள். கல்யாணம் ஆகாததால் ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவளை இங்கிலீஷ்காரன் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொள்வது லேசான காரியமா? ஒரு சாவியை உள்ளே வைத்து ஒரு பெட்டியைப் பூட்டியது போல!

லிட்டில்டன் இறந்தான். கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை. சொத்தை அவளுக்கு விட்டுப் போனான் என்கிறார்கள்.

இரண்டாவது தடவை விதவையானாள். ஆனால் முதல் தடவை அவளை விதவை என்று நெருப்புக்குத் தள்ளினவர்களும் சரி, இரண்டாவது தடவை பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களும் சரி, அவளை லிட்டில்டனின் மனைவி என்றோ விதவை என்றோ சொல்லவில்லை. அந்த ஒரு சொல் அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

1778-ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவள் மறுபடியும் போய் நின்றாள். ஒரு தடவை மறுத்தவரிடம் மறுபடியும் போய் நிற்பதற்கு எத்தனை மனத்திடம் வேண்டும்! இந்தத் தடவை ஞானஸ்நானம் கிடைத்தது. கிளாரிந்தா என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. அவள் வளர்த்து வந்த பையனுக்கும் அன்றைக்கே ஞானஸ்நானம். அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஹென்ரி லிட்டில்டன். எனக்கு இந்த இடத்தில்தான் கண் கலங்கியது. தனக்குக் கிடைக்காத பெயரை அவள் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் செய்த காரியங்கள் ஒன்றும் துக்கத்தில் மூலையில் உட்கார்ந்த பெண் செய்கிற காரியங்கள் அல்ல. 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் கிளாரிந்தா. இவர்களுக்கு ஒரு போதகர் வேண்டுமென்று தஞ்சாவூர் வரை சென்று சுவார்ட்ஸிடம் கேட்டாள். எந்த ஊர்! அவளைச் சிதைக்கு அழைத்துப்போன ஊர். அதே ஹைதரலி கர்நாடகத்தில் புகுந்து 1780-லிருந்து ஊர் ஊராகக் கொளுத்திய யுத்தம் ஒரு பக்கம். 1783-ல் கும்பெனிப் பட்டாளம் பாஞ்சாலங்குறிச்சியை அடித்து நொறுக்கிய கலவரம் மறுபக்கம். இதற்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கோயில் எழுப்பினாள். கோட்டையிலிருந்த இங்கிலீஷ்காரர்களும் உதவினார்கள். 1785 ஆகஸ்டு மாதம் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். அவளைச் சேர்த்துக்கொள்ள முடியாதென்று சொன்ன அதே பாதிரியார், அவள் கட்டிய கோயிலில் நின்று ஜெபம் செய்தார்!

அந்தப் பிரயாணத்தில் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சிறுவனைக் கல்வி கற்பிக்கத் தம்மோடு தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பதினோரு பன்னிரண்டு வயதிருக்கும். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார்.

கிளாரிந்தாவுக்கு அதற்குப் பிறகும் யுத்தம் பார்த்துத் தீரவில்லை. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரையும் கூட்டாளிகளும் இதே பாளையங்கோட்டைச் சிறையை உடைத்துக்கொண்டு தப்பினார்கள். அந்த இரவில் ஊர் எப்படி அலறியிருக்கும்! 1806 வாக்கில் அவள் காலமானாள் என்று கணக்கு. இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

பத்து நிமிஷம் அரை மணியாகிவிட்டது. வெளியே வந்து கோயில்குட்டியாரிடம், "கிளாரிந்தா என்று எழுதியிருக்கிறதே, ஊரில் ஏன் பாப்பாத்தியம்மாள் என்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"துரை வச்ச பேரும் பாதிரியார் வச்ச பேரும் ஏட்டிலே எழுதத்தாம்மா. ஊருக்கு அது எதுக்கு? அந்தம்மா ஒரு கிணறும் வெட்டி விட்டாங்க. தண்ணி எடுக்க வந்த பொம்பளைங்க பாப்பாத்தியம்மா கிணறுன்னாங்க. கோயிலுக்கும் அதே பேரு நின்னு போச்சு."

மேலே அவர் என்னென்னவோ சொன்னார். எனக்கு 'அம்மா' என்ற சொல் மட்டும் காதில் தங்கியது. வெறும் பாப்பாத்தி என்று சொல்லியிருந்தால் அது ஏச்சு. ஆச்சியின் தாயார் சொன்னது அப்படித்தான்: 'துரையோட போன பாப்பாத்தி'. ஊர் அதோடு ஓர் அம்மாளைச் சேர்த்திருக்கிறது. எப்போது சேர்த்தது, யார் முதலில் சேர்த்தது என்பதற்கெல்லாம் பதிவேடு கிடையாது. தண்ணீர் இறைக்க வந்த யாரோ ஒருத்தி சொல்லியிருப்பாள்.

சிட்லபாக்கம் திரும்பிய அன்றைக்குச் சாயங்காலமே ஆச்சி வீட்டுக்குப் போனேன். அவர் கேட்காவிட்டாலும் அல்வா வாங்கி வந்திருந்தேன். பார்த்ததையெல்லாம் சொன்னேன். ஹென்ரி லிட்டில்டன் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்த இடத்தில் ஆச்சி என்னை நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"எங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை, பாத்துக்கோ. 1970-லே ரிஜிஸ்திரார் ஆபீசிலே கையெழுத்துப் போட்டோம். நான் சைவம், இவர் வேதம். ரெண்டு பேரும் அப்படியே இருக்கலாம்னுட்டாங்க."

உண்மைதான். 1872-ல் வெள்ளைக்காரன் போட்ட முதல் சட்டத்தில், இப்படிக் கலந்து கல்யாணம் செய்துகொள்கிற இருவரும், 'நான் இந்துவும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை' என்கிற மாதிரி எழுதிக் கொடுத்தாக வேண்டும். நம்முடைய பார்லிமெண்டு 1954-ல் விசேஷ விவாகச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அவரவர் சாமியை அவரவர் வைத்துக்கொண்டே மாலை மாற்றலாம் என்று ஆயிற்று. முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த முப்பது நாளும் ஊரிலிருந்து யாராவது வந்து தடுத்துவிடுவார்களோ என்று ஆச்சி பயந்தாராம். யாரும் வரவில்லை. "வந்து சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை" என்றார்.

"மறுவருஷம் டிசம்பர்லே பாகிஸ்தான் சண்டை வந்துச்சு. இவரை வடக்கே அனுப்பிட்டாங்க. எனக்கு ஏழு மாசம். இந்தத் தெருவிலே அப்போ ஆறு வீடு. ராத்திரியானா ஏரியிலே தவளைச் சத்தம்தான். தாம்பரத்திலே ஏரோப்ளேன் கிளம்புற சத்தம் கேட்டாலே வயித்தைப் பிசையும். ரேடியோவைக் காதுலேயே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்பா இருக்கிற வரைக்கும் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு உத்தரவு. யாருக்கு எழுத?"

ஆச்சி எழுந்து உள்ளே போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து நானும் எழுந்தேன். கையால் உட்காரச் சொன்னார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு தபால் கார்டைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். ஓரங்கள் பழுத்துப் போயிருந்தன. குண்டு குண்டான பள்ளிக்கூடத்து எழுத்து. 'சண்டை முடிந்துவிட்டது என்று சொல்லுகிறார்கள். மாப்பிள்ளை சௌக்கியமாக இருக்கிறாரா? உடனே பதில் போடவும்.' இவ்வளவுதான். கையெழுத்து இல்லை.

"உங்கள் அம்மா எழுத்தா ஆச்சி?"

"எங்கம்மைக்கு ஏது எழுத்து? பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதினது. ஏழாங் கிளாஸ் படிச்சிக்கிட்டிருந்தா. அப்பா கடைக்குப் போன பொறவு அவளைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, வாயாலே சொல்லி எழுத வச்சிருக்கா."

ஆச்சி கார்டை வாங்கி, எழுத்து இருக்கும் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி உறைக்குள் வைத்தார்.

"திண்ணையிலே வச்சுச் சொல்லியிருக்கா தாயி. தெருவுக்கே கேட்டிருக்கும்."

பிறகு அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தார். "இதை யாரு உன்னை வாங்கச் சொன்னா?" என்று கோபித்துக்கொண்டே, எனக்கு முதலில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார்.